மறுபாதிக் கல்

“இந்த ரிசல்ட்டை நான் ஏத்துக்க மாட்டேன். கல்லோட மறுபாதியையும் சோதிச்சாகணும்” என்றார் சர்வே மேடம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கம் தேடுகிற கூட்டுத் திட்டம் எங்களுடையது. எங்கே துளை போடுவது என்று சொல்வது அரசாங்கத்தின் நில ஆய்வுத் துறை, அதாவது சர்வே மேடம். துளை போடுவது சுரங்கக் கம்பெனி. வந்த கல்லைச் சோதிப்பது பல்கலைக்கழக லேப், அதாவது நான். மூன்று தரப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்து டீ குடிக்கவே ஒரு ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது.

அதுவரை போட்ட துளைகளில் வெறும் கல்தான். கடைசித் துளையும் ஏமாற்றினால் திட்டத்தை மூடிவிடுவார்கள். திட்டம் போனால் என் லேபும் போய்விடும். அங்கே வேலை பார்க்கிறவர்கள் கொஞ்ச நாளாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கடைசித் துளையில் தங்கம் தெரிந்துவிட்டது. வீட்டில்கூடச் சொல்லிவிட்டேன். மனைவி, “நீங்களா கண்டுபிடிச்சீங்க?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

“ஏன் மேடம், நல்லது நடந்தா உங்க டிபார்ட்மென்ட்டுக்குப் பொறுக்காதா?” என்றேன்.

“பொறுக்கும் சார். மறுபாதியிலயும் இருந்தா இன்னும் நல்லாவே பொறுக்கும்.”

கம்பெனிக்காரரும் தலையாட்டினார். துளையிலிருந்து வரும் உருளைக் கல்லை நீளவாக்கில் அறுத்து, ஒரு பாதியைப் பொடியாக்கிச் சோதிப்போம். மறுபாதி பெட்டியில் அப்படியே இருக்கும். அதையும் எடுத்துச் சோதித்தோம்.

ஒரு மண்ணும் இல்லை.

அடுத்த கூட்டத்துக்குக் கம்பெனிக்காரர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்தார்.

“ஒரு பாதியில தங்கம், இன்னொரு பாதியில ஒண்ணுமில்லை. அப்போ எங்கேயோ வெளியிலிருந்துதான் ஒட்டியிருக்கு. இந்த லேப் சரிப்படாது. நான் வேற லேப் பார்த்து வச்சிருக்கேன்.”

எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. ஒரு பீரியட் முழுக்க மூச்சு விடாமல் பேசுகிற வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

“லேப் மேல தப்பில்லை” என்றார் சர்வே மேடம். “கல் அறுத்த அன்னிக்கு நீங்க ஷெட்டுக்கு வரலை. நான் இருந்தேன். என் மோதிரம் உரசியிருக்கும்.”

தங்கம் தேடுகிறவர்கள் கல் இருக்கும் ஷெட்டுக்குள் தங்கம் போட்டுக்கொண்டு போகக் கூடாது. லேசாக உரசினாலே போதும், சோதனையில் சுரங்கமே தெரியும். இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித்தருகிற விஷயம் இது.

போன நாக்கு திரும்பி வந்தது. விடுவேனா?

“இத்தனை வருஷ சர்வீஸ்ல இதுகூடத் தெரியாதா மேடம்? என் முதல் வருஷப் பசங்களைக் கேளுங்க, சொல்லுவாங்க. ஷெட் வாசல்ல கொட்டை எழுத்துல போர்டு மாட்டியிருக்கோம், அது என்ன அழகுக்கா?” என்று ஆரம்பித்தவன், எல்லாருடைய டீயும் ஆறிப்போன பிறகுதான் நிறுத்தினேன். மேடம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

ஒப்பந்தப்படி, யாரால் கல் கெட்டதோ அவர்கள் பொறுப்பில் இன்னொரு துளை போட வேண்டும். அது நில ஆய்வுத் துறை தலையில் விழுந்தது. மேடத்துக்கு மேலிடத்திலிருந்து ஒரு மெமோ. என் லேப் பிழைத்துக்கொண்டது.

“ஒரு அம்மாவை இன்னிக்கு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன்” என்று மனைவியிடம் சொன்னேன்.

“உங்ககிட்ட மாட்டினா அவ்வளவுதான்” என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

புதுத் துளையின் கல் வந்த அன்று, ஷெட் வாசலில் நானே காவலுக்கு நின்றேன்.

“கையைக் காட்டுங்க மேடம்.”

இரண்டு கைகளையும் நீட்டினார். எந்த விரலிலும் மோதிரம் இல்லை.

“பரவாயில்லையே, ஞாபகமா கழட்டிட்டு வந்துட்டீங்க.”

“போட்டாத்தானே சார் கழட்டறதுக்கு? எனக்குத் தங்கம் ஒத்துக்காது. பட்ட இடமெல்லாம் தடிச்சுப் போயிடும். கல்யாணத்தன்னிக்குப் போட்டதோட சரி.”

நீட்டிய விரல்களை இன்னொரு தடவை பார்த்தேன்.

“அப்புறம் எதுக்குக் கூட்டத்துல அப்படிச் சொன்னீங்க?”

“சொல்லலேன்னா உங்க லேபை மாத்தியிருப்பாங்க. அங்கே இருக்கிறவங்க எல்லாம் எங்கே போவாங்க? நான் கவர்மென்ட். மிஞ்சிப் போனா ஒரு மெமோ. அதை வைக்க அலமாரியில நிறைய இடம் இருக்கு.”

அவரைப் பேசிய பேச்செல்லாம் ஞாபகத்துக்கு வந்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருந்தாலும் வாத்தியார் புத்தி விடவில்லை.

“அப்போ அந்தக் கல்லுல தங்கம் எப்படித்தான் வந்துச்சு?”

மேடம் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அன்னிக்கு இதே ஷெட்டுல, தங்கம் போட்டுக்கிட்டுக் கல்லைத் தொடக் கூடாதுன்னு எங்களுக்கெல்லாம் பாடம் நடத்தினீங்களே சார்... நடுவுல சொல்லலாம்னு பார்த்தேன், நீங்க மூச்சு விடவே இல்லை. பாடம் முடியற வரைக்கும் மோதிரம் போட்ட விரலால, சோதனைக்கு எடுத்து வச்ச அந்தப் பாதிக் கல்லைத்தான் தட்டிக்கிட்டே இருந்தீங்க.”