கடைசி ஆள்

கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் உட்காரக் கூடாது. ஓட்டம் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் போட்ட சட்டம் அது. ஐந்து கிலோமீட்டர் பந்தயத்துக்காக அவரிடம் சேர்ந்தவர்கள், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற பத்துப் பேர். நான்காவது வாரம் அவர்களில் ஒருவரான தையல்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்தங்கினார்.

“இன்னும் கொஞ்சம்தான், நிக்காதீங்க!” என்று மாஸ்டர் விரட்டினார். தையல்காரர் பத்தடி ஓடி, சுருண்டு விழுந்து செத்துப்போனார்.

பந்தயத்தன்று மற்ற ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஒருவரும் உட்காரவில்லை.

“அதான் எல்லாரும் வந்தாச்சே, உக்காருங்க” என்றார் மாஸ்டர்.

“இன்னும் ஒருத்தர் வரணுமே மாஸ்டர்” என்றார் மருந்துக்கடை அம்மா, சாலையைப் பார்த்தபடி.

மாஸ்டரும் திரும்பிப் பார்த்தார். சாலையில் ஈ காக்கை இல்லை. கால் மணி நேரம் கழித்து ஒன்பது பேரும் கைதட்டினார்கள். தட்டிவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தார்கள். மாஸ்டரும் உட்காரப் போனார். அவர் காதோரம் யாருக்கோ மூச்சு இரைத்தது.

“இன்னும் கொஞ்சம்தான் மாஸ்டர், நிக்காதீங்க.”

மாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். ஒன்பது பேரும் முணுமுணுக்காமல் மறுபடி எழுந்து நின்றார்கள்.