வோல்னார்ஸ்கியின் பதினோராவது விருது

எல்லாரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும் தட்டவில்லை. அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

மேடையில் நின்ற மருதமுத்து அதைப் பார்த்துவிட்டார். அதற்காகப் பாதியில் இறங்க முடியுமா? "முப்பத்து நான்காம் ஆண்டில் வார்சா நகரத்து வெள்ளிப் பேனா. மறு வருடமே பால்டிக் எழுத்தாளர் கழகத்தின் தங்கப் பதக்கம். ஆக, போலந்து நாட்டு நாவலாசிரியர் வோல்னார்ஸ்கி பெற்ற விருதுகள் மொத்தம் பதினொன்று" என்று ஒருவழியாக முடித்தார்.

அலோர் காஜா வாசகர் மன்றத்தின் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கூட்டம் அது. மருதமுத்து பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. மாதம் ஒன்றாக வோல்னார்ஸ்கியைப் பற்றி இது நான்காவது பேச்சு. முதல் பேச்சில் ஏழாக இருந்த விருதுகள் இப்போது பதினொன்று ஆகியிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

மன்றத் தலைவர் கணேசமூர்த்தி ஜவுளிக்கடை வைத்திருப்பவர். "வோல்னார்ஸ்கிய நானும் சின்ன வயசுலயே கரைச்சுக் குடிச்சவன்தான்" என்று கூசாமல் சொல்லிவிட்டு, மருதமுத்துவுக்கு 'உலக இலக்கியச் செம்மல்' பட்டம் வழங்கிப் பொன்னாடை போர்த்தினார். நான்கு மாதம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியது இந்தப் பட்டத்துக்காகத்தான். ஆனால் மருதமுத்துவின் கண் கடைசி வரிசையை விட்டு நகரவில்லை.

காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் அறிவித்து மூன்று வருடம் ஆகிறது. நாலு பேர் கூடி இலக்கியம் பேசவும் போலீஸ் பெர்மிட் வேண்டும். எந்தக் கூட்டத்திலும் ஒரு சி.ஐ.டி. உட்கார்ந்து குறிப்பெடுப்பார் என்று பேச்சு. போன மாதம் அடுத்த தோட்டத்துத் தொழிற்சங்கக் காரியதரிசியைப் பெண்டாட்டி பிள்ளைகளோடு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கப்பலேற்றி நாடு கடத்திவிட்டார்களாம், இப்போது நாகப்பட்டினத்தில் இருப்பதாகக் கேள்வி.

கூட்டம் கலைந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் தடித்த நோட்டுப் புத்தகத்தோடு நேராக வந்து நின்றார். விரல் நுனியெல்லாம் மை.

"ஒரு நிமிசம் அண்ணே. நாலு கூட்டத்துக்கும் வந்திருக்கேன். நீங்க பேசுனத ஒரு வார்த்த விடாம எழுதி வச்சிருக்கேன்."

"அப்படிங்களா ஐயா" என்றார் மருதமுத்து.

"அவரோட சுரங்க நாவல் இருக்கில்ல? நிலக்கரி வெட்டுறவங்க ஸ்டிரைக் பண்ற எடத்துல நிறுத்திட்டீங்க. கடைசியில என்னதான் ஆவுது?"

ஸ்டிரைக்கைக் கதைக்குள் நுழைத்த தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது மருதமுத்துவுக்கு. "ஒன்னும் ஆவாது லா ஐயா. எல்லாரும் அடக்க ஒடுக்கமா வேலைக்குத் திரும்பிருவாங்க. தொரைக்கு மாலை போட்டு மன்னிப்புக் கேட்டுக்குவாங்க."

அவர் அதையும் எழுதினார். பிறகு தலைதூக்கி, "என்ன பூ மாலை?" என்றார்.

மாலையில் இருக்கும் பூவரைக்கும் துருவுகிறான் என்றால் இவன் சாதாரண ஆள் இல்லை, பெரிய இடத்திலிருந்து வந்தவன் என்று மருதமுத்து முடிவு கட்டினார். "ரோசாப்பூ" என்றார் ஈனக் குரலில்.

"இன்னொன்னு அண்ணே. போலந்து இப்ப செவப்புக்காரங்க கையிலதான இருக்கு? இவரு அந்தக் கச்சி ஆளா? அது தெரியாம நான் மேல ஒரு அடி எடுத்து வைக்க முடியாது."

மருதமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போலந்து எப்போது சிவப்பானது? அவர் அந்த நாட்டைக் கண்டுபிடித்த பள்ளிக்கூட வரைபடம் உலகச் சண்டைக்கு முந்தியது. மனைவி ஜெயாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் மூட்டை முடிச்சோடு லாரியில் உட்கார்ந்திருப்பது அவர் கண்முன் தெரிந்தது.

மானம் போனால் போகிறது என்று அந்த மனிதரின் கையைப் பிடித்து, மண்டபத்துக்குப் பின்னால் இருந்த ரம்புத்தான் மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ஐயா, நான் புள்ளகுட்டிக்காரன். உள்ளதச் சொல்லிடுறேன். வோல்னார்ஸ்கின்னு ஒரு எழுத்தாளனே கெடையாது."

அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"ஆபீசுல பழைய ரப்பர் ஷீட்டுப் பொட்டி ஒன்னு கெடக்கு. சரக்கு வாங்குற கம்பெனிக்காரன் பேரு அதுல ஒட்டியிருந்துச்சு. பேரு எடுப்பா இருக்கேன்னு எடுத்துக்கிட்டேன். நம்மாளப் பத்திப் பேசுனா நாலு பேரு வரமாட்டான் ஐயா. வெள்ளக்காரன் பேரு, பத்து விருதுன்னு சொன்னாத்தான் நாற்காலி நெறையுது. அந்தச் சுரங்கம், ஸ்டிரைக்கு, வெள்ளிப் பேனா எல்லாம் ராத்திரி ஊர்க்காவல் ரோந்து டூட்டி பாக்கறப்ப நானா இட்டுக்கட்டுனது."

சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது. கூடவே நெஞ்சு லேசாகவும் இருந்தது. பொன்னாடையை மடித்து அவர் முன்னால் நீட்டினார்.

"பட்டமும் வேணாம் ஐயா. கைநாட்டு கேட்டாலும் வச்சுத் தாரேன். என்னக் கப்பல் ஏத்தி மட்டும் அனுப்பிராதீங்க."

வெள்ளைச் சட்டைக்காரரின் பேனா கீழே விழுந்தது. முகத்தில் ஈயாடவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே வேரின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்னாச்சு ஐயா? ஸ்டேசனுக்குப் போலாமா?" என்று மருதமுத்து பயந்தபடி கேட்டார்.

அவர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார், மருதமுத்துவைப் பார்த்தார். பிறகு அழாத குறையாகச் சொன்னார்.

"'போலந்து மூலத்திலிருந்து நேரடி மொழிபெயர்ப்பு'ன்னு எம் பேரப் போட்டு அந்த நாவலுக்கு அட்டை அச்சடிச்சாச்சே அண்ணே."