ஆலாவைப் பார்க்கப் போன கோழி

கருங்கோழிக்குத் திடீரென்று கடற்பறவை பார்க்கிற ஆசை வந்தது. துணைக்கு வெள்ளாட்டைக் கூப்பிட்டது.

"போய்ப் பாத்துட்டு இருட்டறதுக்குள்ள திரும்பிடலாம், அக்கா."

ஆடு காரணம் கேட்கவில்லை. போன வருஷப் புயலில் கூடிழந்த ஓர் ஆலாவின் முட்டையை வீட்டுக்காரர் எடுத்துவந்து கோழியிடம் அடைக்கு வைத்திருந்தார். பொரித்து வளர்ந்த குஞ்சு, சிறகு முற்றியதும் கடல் பக்கம் பறந்துவிட்டது. அதன்பிறகு கோழி அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

வெயில் ஏறும்போது இரண்டும் கடற்கரைக்கு வந்து சேர்ந்தன. மணல்திட்டு முழுக்க ஆலாக்கள். எல்லாவற்றுக்கும் அதே கறுத்த உச்சி, அதே பிளந்த வால். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் கோழி களைத்துப்போனது.

"எல்லாம் ஒரே ஜாடையா இருக்கு. பெத்த கண்ணுக்குன்னா தெரியும். நான் பெக்கலையே" என்றது.



அப்போது ஓரமாக நின்ற ஓர் ஆலா, காலால் மணலைப் பரபரவென்று கிளறியது. குனிந்து பார்த்துவிட்டு மறுபடியும் கிளறியது.

"என்னடா பண்றே? மீன் தண்ணியிலதானே இருக்கு" என்றது பக்கத்து ஆலா.

"தெரியல. பசிச்சா கால் தானா இப்படிப் போகுது."

கோழி அசையாமல் நின்றது.

"கூப்பிடேன்" என்றது ஆடு.

"வேண்டாம் அக்கா. கூட்டாளிங்களோட இருக்கான்." கோழி சுடுமணலில் வயிறு பதித்து உட்கார்ந்தது. "வெயில் தாழட்டும். அதுவரைக்கும் பாத்துட்டுப் போவோம்."