பதினேழாவது பெயர்

செத்தவர்களைத் தேடித் தேடிப் பியூலாவுக்குக் கண் பூத்துப்போயிருந்தது. மாடம்பாக்கத்து மிஷன் காசநோய் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்து மூன்று மாதம். பழைய அட்மிஷன் ரிஜிஸ்டர்களை எல்லாம் ஏற்றி முடித்து, டிஸ்சார்ஜ் பதிவே இல்லாதவர்களைத் தனியாக எடுத்தபோது பதினேழு பெயர்கள் வந்து நின்றன.

பதினாறு பேர், யாரும் வாங்க வராத உடல்களை அடக்கம் செய்த நோட்டில் கிடைத்துவிட்டார்கள். பதினேழாவது ஆள் துளசிங்கம், 1974-இல் சேர்ந்தவர், அதிலும் இல்லை.

“உயிரோட இருந்தா வீட்டுக்கு லெட்டர் போடணும், இல்லேன்னா இறந்த தேதி போடணும். சாயங்காலத்துக்குள்ள லிஸ்ட் காலியாகணும் பியூலா” என்று நிர்வாகி தனசிங் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒருத்தராவது பிழைத்து வீடு போய்ச் சேர்ந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவரைக் கூப்பிட்டாள். எல்லோரும் அவரைத் ‘தோட்டம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ரொம்ப வருஷமாக அங்கேயே இருப்பவர்.

“துளசிங்கம்னு ஒரு பேஷன்ட், எழுபத்தி நாலுல சேர்ந்தவர். ஞாபகம் இருக்கா?”

பெரியவர் பக்கெட்டைக் கீழே வைத்தார். “நல்லாவே கீதும்மா. ஒடம்பு தேறி, டிஸ்சார்ஜ் எழுதறதுக்கு முந்தியே வூட்டுக்குப் போனாரு.”

“போனாரா!” பியூலாவுக்கு முகம் மலர்ந்தது.

“வாசலோட திரும்பிட்டாரு. உள்ளே அவரு போட்டோவுக்கு மாலை தொங்குது. பொண்ணுக்கு சம்பந்தம் பேசிக்கினு இருந்தாங்க. டி.பி. வந்தவன் பொண்ணுன்னா எவன் கட்டுவான்? அப்பன் செத்துட்டான்னு சொல்லிட்டாங்க.”

“ஐயோ! அப்புறம்?”

“அப்புறம் இன்னா? செத்துட்டாருன்னே போட்டுடும்மா. உசுரோட கீறாருன்னு லெட்டர் கிட்டர் போட்டுடாதே. அந்தப் பொண்ணாவது நல்லா இருக்கட்டும்.”

பியூலா கைக்கு வந்த ஒரு தேதியை அடித்தாள். லிஸ்ட் காலியாகிவிட்டது.

பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டடி நடந்த பெரியவர், திரும்பி ஜன்னலருகே வந்தார்.

“இன்னா தேதி போட்டே கண்ணு? நான் செத்த நாளு எனக்குத் தெரிய வேணாவா?”