எந்த ஊர்னு கேளுங்க

“இதுவும் வேண்டாம் தம்பி” என்றார் பொன்னுத்தங்கம்.

செழியனுக்கு மவுஸைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி. முதலாளியம்மாவே பொன்னுத்தங்கம்தான். கம்பெனிக்கு வெப்சைட் வேண்டும் என்று அவனைக் கூப்பிட்டிருந்தார். படங்களை ஏற்றி, நம்பர் போட்டு, எல்லாம் முடித்துவிட்டான். பாக்கி ஒரே ஒரு தேடும் பெட்டி. ஜூம்லா என்ற சாஃப்ட்வேரில் கட்டிய சைட்டுக்கு அதை உட்கார்ந்து எழுதக்கூட வேண்டாம். ஆட்-ஆன் என்று ரெடிமேடாகக் கிடைக்கும் குட்டிப் புரோகிராம்களில் ஒன்றைப் பொறுக்கி மாட்டினால் போதும்.

அந்த ஒன்றைப் பொறுக்கத்தான் ஒரு வாரமாக இந்த அம்மா விடவில்லை.

முதலில் மாட்டியதில், ‘முருகன்’ என்று அடித்த மறுநொடியே அத்தனை முருகனும் வந்து நின்றார்கள். வேண்டாம் என்றார். அடுத்தது சைஸ், விலை, சாமி என்று பிரித்துப் பிரித்துக் காட்டியது. படத்துக்குக் கீழேயே ஆர்டர் பட்டன். அந்தப் பட்டனைப் பார்த்ததும் முகத்தையே திருப்பிக்கொண்டார். இது மூன்றாவது. காசு கொடுத்து வாங்க வேண்டியது. ‘மு’ என்று ஆரம்பிக்கும்போதே படம் வந்துவிடும்.

“இதுல என்னம்மா கொறை?”

“எந்த ஊர்னு கேக்க மாட்டேங்குதே.”

மறுபடியும் அதே பாட்டு. தேடுகிறவர் முதலில் தன் ஊரைச் சொல்ல வேண்டுமாம். சொன்ன பிறகுதான் படம் வர வேண்டுமாம். ஆர்டர் பட்டனே கூடாதாம். ஏன் என்று கேட்டால் கிணற்றில் போட்ட கல்.

“முருகன் படம் பாக்க வாரவன்கிட்ட ஊர் பேரக் கேட்டா, அடுத்த கம்பெனிக்குப் போயிருவான்மா.”

“போனாப் போறான். நீங்க கேளுங்க.”

காரணம் செழியனுக்குப் புரியாமல் இல்லை. ஊருக்கு ஒரு ரேட் போடப் பார்க்கிறார். மதுரைக்காரருக்கு ஒன்று, தேனிக்காரருக்கு ஒன்று. காசு சேரச் சேரப் புத்தி இப்படித்தான் போகும் போல என்று நினைத்துக்கொண்டான்.

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த புது ஆல்பம் வெளிவரும். சைட்டும் அன்றைக்கே திறந்தாக வேண்டும். அது நன்றாக அமைந்தால்தான் மற்ற கம்பெனிகளும் அவனைக் கூப்பிடும். நாளோ நெருங்கிவிட்டது. இதில் கரண்ட் வேறு நினைத்தபோதெல்லாம் போய்த் தொலைந்தது.

செல்போன் அடித்தது. அப்பா.

அவர் காலண்டர் ஏஜெண்ட். கம்பெனிகளின் ஆல்பங்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, தேனிப் பக்கம் கடை கடையாக ஆர்டர் பிடிப்பார். அந்தக் கமிஷனில்தான் செழியன் கம்ப்யூட்டர் படித்தான். ஆனால் பொன்னுத்தங்கத்திடம் அதைப் பற்றி அவன் மூச்சுவிட்டதில்லை. பை தூக்கி அலைகிறவர் மகன் என்று தெரிந்தால் மதிப்பு குறைந்துவிடும் என்று ஒரு எண்ணம்.

வாசல் பக்கம் போய்ப் பேசினான்.

“ஏலே, சீசனுக்கு முன்ன கடைக்காரகளப் பாத்துட்டு வரலாம்னு தேனிக்கு வந்தேன். இனிமே நெட்டுலயே பாத்துக்கிடுதோம், நீங்க அலைய வேண்டாம்ங்காக. நெசமாவே அம்புட்டும் நெட்டுல வந்துருமாலே?” அப்பாவின் குரல் இறங்கியிருந்தது.

“காலம் மாறுதுப்பா. நாமதான் மாறிக்கிடணும். வேலையா இருக்கேன், வைக்கேன்.”

உள்ளே வந்தவன் வீம்புக்கென்றே ஒரு காரியம் செய்தான். இதெல்லாம் ஒரு ஆட்-ஆனா என்று முதல் நாளே ஒதுக்கிய ஓர் ஓசிச் சரக்கை எடுத்து மாட்டினான். மாட்டு வண்டி வேகம். ஊர்க் கட்டத்தை நிரப்பாவிட்டால் படமே வராது. நிரப்பினால், அந்த ஊருக்கென்று ஏற்றி வைத்திருப்பதைப் படத்துக்கு அடியில் காட்டும். அவ்வளவுதான். இதன் லட்சணத்தைப் பார்த்தாவது மனம் மாறட்டும் என்று நினைத்தான்.

பொன்னுத்தங்கத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. இதைத்தானே முதலிலிருந்து கேட்கிறேன் என்றார். ஊருக்கு ஊர் என்ன வர வேண்டும் என்பதை ஆபீஸில் வேலை பார்க்கும் செல்வலட்சுமியை வைத்துத் தானே ஏற்றிக்கொள்வதாகச் சொல்லி, அவனை மறுநாள் வரச் சொன்னார்.

ரேட்டை அவன் கண்ணில்கூடக் காட்டப் பயப்படுகிறார். செழியன் முடிவே கட்டிவிட்டான்.

மறுநாள் போய் உட்கார்ந்ததும், தேனி என்று போட்டுப் பாருங்கள் என்றார்.

ஊர்: தேனி. தேட வேண்டியது: முருகன்.

காத்திருந்தான். பொன்னுத்தங்கம் டீ வரவழைத்தார். டீ ஆறுவதற்குள் ஒருவழியாக முருகன் வந்து சேர்ந்தார். செழியனின் கண் நேராக ரேட்டுக்குத்தான் போனது. மதுரை என்று மாற்றிப் போட்டான். அதே ரேட். திருநெல்வேலிக்கும் அதே ரேட்தான்.

மாறியது அதற்குக் கீழே இருந்த வரி மட்டும். மதுரைக்கு ஒரு பெயர், திருநெல்வேலிக்கு ஒரு பெயர். மறுபடி தேனிக்கு வந்து, இந்த முறை நிதானமாகப் படித்தான்.

‘ஆர்டர் கொடுக்க எங்கள் தேனி ஏஜெண்ட் சோலைச்சாமியைக் கூப்பிடுங்கள்.’ பக்கத்தில் செல் நம்பர்.

அப்பாவின் பெயர். அப்பாவின் நம்பர்.

செழியனுக்கு நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது.

“மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொன்னா, காலம் மாறுதும்பீக. படத்த நெட்டுல பாக்கட்டும் தம்பி. ஆர்டர் ஏஜெண்ட்டுக மூலமாத்தான் வரணும்.”

எழுந்தவர், போகிற போக்கில் சொன்னார்:

“அப்பா நம்பர் சரியா இருக்கானு மட்டும் பாத்துருங்க. கம்ப்யூட்டர் வேலைக்கு எம்மகன் இருக்கான்னு அவுக சொல்லித்தான உங்களக் கூப்பிட்டேன்.”