திரும்பாத கழுத்து

"முதல்ல எம்பொண்டாட்டி கழுத்தை நேராக்குங்கம்மா. அப்புறம் என்ன வேணும்னாலும் கேளுங்க."

சென்றாயன் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் காமிலா நாகலட்சுமியின் தாடையைப் பிடித்துப் பார்த்துவிட்டார். கழுத்து இடப்பக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றது. கண்கள் மேலே செருகியிருந்தன. பல் கிட்டிக்கொண்டதில் பேச்சு குழறியது. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது.

மலையில் வளப்பூர் நாட்டு ஊரொன்றிலிருந்து மிளகு மூட்டை ஏற்றிய ஜீப்பில், அவளை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டே செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று வேப்பிலையோடு வந்தவர்களை வீட்டு வாசலிலேயே விரட்டியிருந்தான்.

ஏதாவது மாத்திரை சாப்பிட்டாளா என்று டாக்டர் கேட்டார். தலைவலிக்குக்கூடப் போட மாட்டாள் என்றான். பிறகு, விஷமாக இருக்குமோ என்று இரண்டு தடவை கேட்டான். டாக்டர் ஊசி போட்டார்.

அரை மணி நேரத்தில் கழுத்து தளர்ந்தது. கண் இறங்கியது. நாகலட்சுமி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். சென்றாயன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

அவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு டாக்டர் கதவைச் சாத்தினார். இது காத்துமில்லை, வலிப்புமில்லை என்று அவளிடம் சொன்னார். மனநோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், ஆரம்பித்த புதிதில் சிலருக்கு இப்படிச் செய்யும். பார்க்கத்தான் பயமாக இருக்கும், சரிப்படுத்திவிடலாம்.

"மறைக்காம சொல்லும்மா. அந்த மாத்திரையை எதுக்குப் போட்டே?"

"நான் போடலீங்க." அவள் குரல் தாழ்ந்தது. "ஆனா ஊட்டுல இருக்குதுங்க. அவருக்குக் குடுத்தது."

கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சொன்னாள். மழைக்காலத்திலிருந்தே சென்றாயனுக்குச் சரியான தூக்கமில்லை. யாரோ வீட்டைச் சுற்றி வருகிறார்கள், சோற்றில் விஷம் வைக்கப் பார்க்கிறார்கள் என்பான். காட்டு வேலையை விட்டுவிட்டு அடுப்படியிலேயே காவல் இருப்பான். கெஞ்சிக் கூத்தாடி சேலத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் கொடுத்த மாத்திரையைப் போட்டதும் கை நடுங்கியது, கால் இருந்த இடத்தில் இருக்க மறுத்தது. இதுதான் விஷம் என்று அத்தனையையும் முற்றத்தில் வீசிவிட்டான். திரும்பப் போய்ச் சொன்னால் திட்டுவார்களோ என்று அவளும் போகவில்லை. வீசியதைப் பொறுக்கி ஒளித்து வைத்தாள். அவன் நிலைமை நாளுக்கு நாள் மோசமாகவே, இந்த வாரம்தான் அவற்றைப் பொடித்து அவன் களியில் பிசைந்து வைக்க ஆரம்பித்திருந்தாள்.

டாக்டர் திட்டவில்லை. கை நடுங்கிய அன்றைக்கே போயிருந்தால் அளவைக் குறைத்திருப்பார்கள், நடுக்கத்துக்குத் தனியாக ஒரு மாத்திரை சேர்த்திருப்பார்கள், அதற்கும் கேட்காவிட்டால் மருந்தையே மாற்றியிருப்பார்கள் என்றார். இப்போதும் கெட்டுப்போகவில்லை. ஆனால் ஒளித்துக் கொடுப்பது ஆபத்து. பக்க விளைவு வந்தால் எதனால் வந்தது என்று அவருக்கே தெரியாது. தெரிய வந்தாலோ, அப்புறம் உன் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

நாகலட்சுமி தலையாட்டினாள்.

"சரி, அவருக்குக் கலந்தது உனக்குள்ள எப்படிப் போச்சு? அவர் வெச்ச மிச்சத்தைச் சாப்பிட்டியா?"

"இல்லீங்க. அவருக்குத் தனித் தட்டு, எனக்குத் தனித் தட்டு. நாந்தானுங்க போட்டு வெப்பேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. கதவைத் திறந்து சென்றாயனைக் கூப்பிட்டார்.

அவன் உள்ளே வந்ததும் நாகலட்சுமியே பேசினாள். அவன் முகத்தைப் பார்க்காமல், மாத்திரையைப் பொறுக்கியது முதல் களியில் கலந்தது வரை சொல்லி முடித்தாள். அவன் கத்துவான், எழுந்து போய்விடுவான் என்று பயந்து கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவன் கத்தவில்லை. டாக்டரைப் பார்த்துத்தான் கேட்டான்.

"அப்ப, அவ தட்டுல ஒண்ணுமே கலக்கலீங்களா?"

"இல்லைங்க. உங்க தட்டுல மட்டுந்தான்."

சென்றாயன் கட்டிலருகே அப்படியே குந்தினான். மனைவியின் கழுத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தான்.

"இவளைத்தானுங்கம்மா கொல்லப் பாக்குறாங்க," என்றான். "அதான் இவ தண்ணி மொள்ளப் போறப்பெல்லாம் எந்தட்டை இவளுக்கு வெச்சுட்டு, இவ தட்டை நான் எடுத்துத் தின்னுட்டிருந்தேன்."