மலையில் பாதி முனிக்கு

“இன்னும் ஒரு அடி வச்சே, முனி உன் கழுத்தைத் திருகிப் போட்டுடுவாரு!”

அவிழ்ந்த தலைமுடியோடு பாராங் கத்தியை ஓங்கி நின்றாள் இராசாத்தி. அவளுக்குப் பின்னால் குகை வாய். அதன் ஓரத்தில் சிவப்புத் துணி சுற்றிய சூலம். குகைக்குள்ளிருந்து வழிந்த ஊற்றுத் தண்ணீர் அவள் காலை நனைத்துக்கொண்டு தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை நோக்கி ஓடியது.

எதிரே நடராஜா. அலோர் ஸ்டாரில் இரண்டு கடை, புது டத்சன் கார், இந்தச் சுண்ணாம்பு மலையை உடைக்க லைசென்சு. எதையும் பாதி விலைக்குக் கேட்டே பழகியவர், மலையை மட்டும் முழுசாகக் கேட்டார்.

“போன மாசம் நான் வந்தப்ப இந்தச் சூலம் இங்க இல்லையே?”

“முனி போன வாரம்தான் கனவுல வந்து இடம் கேட்டாரு. உங்கிட்ட கேட்டுக்கிட்டா வருவாரு?”

அவள் காலடியில் இருந்த கூடையை எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார் நடராஜா. “வெள்ளிக்கிழமையும் அதுவுமா மீனு! நீயெல்லாம் ஒரு சாமியாடி!”

“முனி எந்தக் காலத்துல தயிர்சாதம் கேட்டாரு?”

சுற்றி நின்ற கல்லுடைப்பு ஆட்கள் எல்லோரும் அதே லயத்துக்காரர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. காலில் என்னவோ கடித்ததுபோல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நடராஜா வெடி வைக்கும் பக்கிரிசாமியிடம் திரும்பினார். “ஓட்டை போட்டாச்சுல்ல? திரியைப் பத்த வையிடா!”

“வேணாம் மொதலாளி. வடக்கால எம்புட்டு வேணா உடைக்கிறேன். இங்க கை வைக்க மாட்டேன். நான் புள்ளகுட்டிக்காரன்.”

“அப்ப வீட்டுக்குப் போ. கூலிம் டவுன்லேருந்து ஆள் கொண்டாரேன்!”

“கொண்டா,” என்றாள் இராசாத்தி. “அவனும் புள்ளகுட்டிக்காரனாத்தான் இருப்பான். எங்க வீட்டுக்காரரும் உங்கிட்டதான் கல்லு உடைக்கிறாரு. மலையைத் தொடாதேன்னா சொன்னேன்? வடக்கால உடைச்சுக்க. ஊத்து இருக்கிற தெக்குப் பக்கத்தை விடு. இது மூடிப்போச்சுன்னா, வெயில் காலத்துல எங்க புள்ளைங்க உன் டத்சன் ரேடியேட்டர் தண்ணியையா குடிக்கும்?”

நடராஜாவுக்குள் இருந்த கடைக்காரர் விழித்துக்கொண்டார். “சரி, லயத்துப் பக்கமா ஒரு கோயில் கட்டித் தரேன். சிமெண்டுத் தரை, தகரக் கூரை. முனியைத் தூக்கிக்கிட்டுப் போய் அங்க வை.”

“அவரு என்ன வாடகைக்கா இருக்காரு, வீடு மாத்த?”

“வருசா வருசம் கிடா வெட்டுறேன்.”

“அந்தக் கிடா குடிக்கத் தண்ணி?”

“முக்கால் மலை எனக்கு, கால் மலை முனிக்கு. அவ்வளவுதான்லா!”

“முனிகிட்டயே பேரமா? பாதிக்குப் பாதி. ஒரு கல்லு குறையாது.”

“சீ, தள்ளுடி!” என்று சூலத்தை ஓங்கி உதைத்தார் நடராஜா. அது சாய்ந்து குகைப் பாறையில் கணீரென்று மோதியது.

உள்ளே இருட்டு அசைந்தது. கூட்டங்கூட்டமாக வௌவால்கள் பட்டப்பகலில் கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே பாய்ந்தன. நடராஜா ஊற்றுத் தண்ணீரில் குப்புற விழுந்தார்.

“முனி எந்திரிச்சிட்டாருலா!” என்று அலறினார் பக்கிரிசாமி.

எழுந்தபோது நடராஜாவின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. குரலில் பாதிதான் மிச்சம். “சரி… சரி… சூலத்துக்குத் தெக்கால ஒரு கல்லையும் தொடமாட்டேன்.”

“வாய்ப்பேச்சு வேணாம். சூடத்தை அடிச்சுச் சத்தியம் பண்ணு.”

பக்கிரிசாமி சூடம் கொளுத்தினார். எரிந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார் நடராஜா. அந்தச் சத்தியத்தை மீறினால் வம்சமே விளங்காது என்று நம்புகிற குடும்பம் அவருடையது. திரும்பிப் பார்க்காமல் காருக்கு ஓடினார்.

டத்சன் கிளப்பிய புழுதி அடங்கியது. இராசாத்தி தலைமுடியை அள்ளிக் கொண்டை போட்டாள். கத்தியைப் பக்கிரிசாமியின் கையில் கொடுத்துவிட்டு, மீன் கூடையோடு கல் அரைக்கும் மணியத்தின் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள்.

“ஏன்க்கா, முனிக்கு மீனு வேணாமா?” என்றான் மணியம், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“பேசாம டவுனுக்கு வேகமா ஓட்டுடா தம்பி, மாதா கோயில்ல ஃபாதர் எந்திரிச்சுப் போறதுக்குள்ள நான் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்!”